சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், பூகோள ஆசிரியர் கிலோமீட்டரில் விடை சொல்வார். ஆகாய விமானத்தில் போய்வந்தவர், 'நாலு மணி நேரம்' என்பார். சென்ற தலைமுறைப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், 'கப்பலில் ஒரு வாரம்' என்று சொல்லக்கூடும். மூவர் கூறுவதும் மெய்யே. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல.

நம்மவர்களுக்கு இக்கேள்வி வெறும் பொது அறிவுக் கேள்வியன்று. ஒரு வீட்டின் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று கடலுக்கு இருபுறமும் பிரிந்து வாழும் குடும்பங்கள் இன்னும் பல உண்டு. ஊரில் தாய்க்கு உடல் நலமில்லை என்று செய்தி வந்தால், மகன் முதலில் போடும் கணக்கு, 'இப்போது புறப்பட்டால் எப்போது போய்ச் சேரலாம்?' என்பதுதான். அந்தக் கணக்கில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தூரத்தைக் கணக்கிடுவது எப்படி?

பூமி ஏறத்தாழ உருண்டை வடிவானது. அதன் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் பகுதியாகும். அவ்வட்டத்தில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் சிங்கப்பூர் - சென்னை தூரத்தைத் தாமே கண்டுபிடித்துவிடலாம்.

சாங்கி விமான நிலையம் வட அட்சரேகை 1.4 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் உள்ளது. சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 80.2 பாகையிலும் உள்ளது. ஆகவே சென்னை, சிங்கப்பூருக்கு வடக்கே 11.6 பாகையும் மேற்கே 23.8 பாகையும் தள்ளியிருக்கிறது. வடக்கு நோக்கிய 11.6 பாகையை 111-ஆல் பெருக்கினால் சுமார் 1,290 கிலோமீட்டர் வரும். மேற்கு நோக்கிய 23.8 பாகையையும் அவ்வாறே பெருக்கினால் 2,640 வரும். ஆனால் பூமத்திய ரேகையைவிட்டு வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், இதைச் சற்றுக் குறைத்து 2,620 என்று கொள்ளவேண்டும். இவ்விரண்டையும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து மூன்றாவது பக்கத்தைக் கண்டால் சுமார் 2,920 கிலோமீட்டர் கிடைக்கும். பழைய கணக்கில் 1,815 மைல். உருண்டைக்கான நுட்பமான சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டாலும் விடை இதிலிருந்து ஒரு சில கிலோமீட்டரே மாறுபடும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள ஊர்களுக்கு இந்த எளிய முறை போதுமானது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போன்ற நெடுந்தொலைவுக்கு இது உதவாது.

இதே முறையில் கணக்கிட்டால், கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 2,630 கிலோமீட்டர்; பினாங்கிலிருந்து சுமார் 2,360 கிலோமீட்டர்.

தேசப்படத்தில் சிங்கப்பூரையும் சென்னையையும் ஒரு நூலால் இணைத்துப் பாருங்கள். அந்த நூல் மலாக்கா நீரிணையின் வழியே வடமேற்காகச் சென்று, சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சேயை அணுகி, நிக்கோபார்த் தீவுகளின் தென்கோடியை ஒட்டிக் கடந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சென்னையைத் தொடும். நேர்வழி பெரும்பாலும் கடல்வழியாகவே அமைந்திருப்பது இதிலிருந்து விளங்கும். ஆகையால் கப்பல் செல்லும் தூரத்துக்கும் விமானம் செல்லும் தூரத்துக்கும் இங்கே பெரிய வேற்றுமை இல்லை. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின் மீது படையெடுத்தபோது கடந்ததும் இந்த வங்காள விரிகுடாவையே. பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்று வீசும் திசையைப் பார்த்துப் புறப்பட்டன. தவறினால் அடுத்த பருவம் வரை துறைமுகத்தில் காத்துக்கிடந்தன. தூரம் அன்றும் இன்றும் ஒன்றே. நேரம்தான் மாறிவிட்டது.

கடிகாரம் காட்டும் வேடிக்கை

இனி நேரத்துக்கு வருவோம். முதன்முறை பிரயாணம் செய்பவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விஷயம் விமானக் கால அட்டவணையில் உண்டு. உதாரணமாக, இரவு 8 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்படும் விமானம், இரவு 9.40-க்குச் சென்னை சேரும் என்று அட்டவணை காட்டும். ஒரு மணி 40 நிமிடம்தான்! அதே விமானம் இரவு 11 மணிக்குச் சென்னையிலிருந்து திரும்பினால், சிங்கப்பூர் வந்து சேர்வது மறுநாள் காலை 5.40-க்கு. இப்போது 6 மணி 40 நிமிடம். போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு அதைப்போல் நான்கு மடங்கா?

இதில் மாயம் ஒன்றுமில்லை. அட்டவணையில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படுகிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. மேற்கே போகும்போது இந்த இரண்டரை மணி நமக்கு இலாபமாகத் தோன்றுகிறது. திரும்பும்போது நட்டமாகத் தோன்றுகிறது. உண்மை அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. போக ஆகும் நேரத்தையும் வர ஆகும் நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 1 மணி 40 நிமிடமும் 6 மணி 40 நிமிடமும் சேர்ந்து 8 மணி 20 நிமிடம். அதில் பாதி 4 மணி 10 நிமிடம். சராசரிப் பிரயாண நேரம் அதுவே. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்கினால் 2 மணி 30 நிமிடம் வரும். அது இரு நகரங்களின் கடிகார வேற்றுமை. இம்முறை உலகின் பல இரு நகரங்களுக்குப் பயன்படும். போகவர ஆகும் உண்மை நேரங்கள் ஏறத்தாழ சமமாக இருந்தால் போதும்.

இந்த இரண்டரை மணியும் சூரியன் விதித்ததன்று. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் என்பவர், 1802-ல், கிரீன்விச் நேரத்தைவிடச் சென்னை 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று கணக்கிட்டார். சிங்கப்பூருக்குரிய இயற்கை நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முந்தியது. இரண்டுக்கும் வேற்றுமை 1 மணி 34 நிமிடமே. அப்படியானால் மேலும் 56 நிமிடம் எங்கிருந்து வந்தது?

அரசாங்கங்கள் செய்த மாற்றங்களால் வந்தது. இந்தியாவில் 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில், கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்திய நேரம் பொது நேரமாக ஏற்கப்பட்டது. அதனால் சென்னையின் நேரம் 9 நிமிடம் மட்டுமே முன்னே நகர்ந்தது. சிங்கப்பூரின் கதை வேறு. 1905-ல் 7 மணி என்று வகுக்கப்பட்டது; 1933-ல் 20 நிமிடம் கூட்டப்பட்டது; 1941-ல் அது ஏழரை மணியாயிற்று. 1942-ல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு, அதாவது 9 மணிக்கு, மாற்றப்பட்டன. 1945-ல் மீண்டும் ஏழரைக்குத் திரும்பின. தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க மலேசியா முடிவு செய்தபோது, சிங்கப்பூரும் உடன் சேர்ந்தது. 1982-ஆம் ஆண்டு பிறந்த கணம் முதல் இரு நாடுகளிலும் நேரம் 8 மணியாயிற்று. ஆகவே சிங்கப்பூர்க் கடிகாரம் தன் சூரியனைவிட 65 நிமிடம் முந்தி ஓடுகிறது. இங்கே காலை 7 மணி அளவில் பொழுது விடிவதன் காரணமும் இதுவே. 65-ல் சென்னையின் 9-ஐக் கழித்தால், நாம் தேடிய 56 நிமிடம் கிடைத்துவிடும்.

நாலு மணி நேரம் எப்படிச் செலவாகிறது?

இன்றைய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 2,920-ஐ 850-ஆல் வகுத்தால் சுமார் 3 மணி 26 நிமிடம்தானே வருகிறது? மீதி நிமிடங்கள் எங்கே போயின என்று கேட்கலாம்.

அட்டவணையில் உள்ள நேரம், விமானம் தன் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது ஆரம்பித்து, சேருமிடத்தில் சக்கரம் அசையாமல் நிற்கும்போது முடிகிறது. ஓடுபாதைக்கு மெல்ல ஊர்ந்து செல்வது, முறை வரும்வரை காத்திருப்பது, உயரே ஏறுவது, இறங்கும்போது வேகத்தைத் தணிப்பது, ஓடுபாதைக்கு நேராகத் திரும்புவதற்காக வளைந்து வருவது ஆகிய யாவும் அதில் அடங்கும். மேலும் விமானங்கள் தேசப்படத்து நூலின் மீது அப்படியே பறப்பதில்லை. வகுக்கப்பட்ட வான்வழிகளையே பின்பற்றுகின்றன. இவற்றையெல்லாம் கூட்டியே 4 மணி 10 நிமிடம் என்ற அளவு வருகிறது.

விமானத்தை இன்னும் வேகமாகச் செலுத்தினால் என்ன? இங்கே ஓர் இயற்கைத் தடை உண்டு. 11 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மிகுதி. அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு திடீரென்று பெருகுகிறது. எரிபொருள் செலவு ஏறுகிறது. அதனால் பயணி விமானங்கள் ஒலி வேகத்தில் சுமார் 80 முதல் 85 விழுக்காட்டோடு நின்றுகொள்கின்றன. 1958-ல் சேவைக்கு வந்த போயிங் 707 விமானமும் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறந்ததே. அறுபது ஆண்டுகளில் விமானங்களின் உருவம் பெருத்தது, ஓசை குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று. வேகம் மட்டும் ஏறவில்லை.

காற்றும் பூமியும்

பூமி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, விமானம் வானத்தில் எழும்பி நின்றால் மேற்கே உள்ள சென்னை தானே கீழே வந்து சேராதா என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. பூமியோடு அதைச் சூழ்ந்த காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. காற்றில் மிதக்கும் விமானமும் அதனோடு செல்கிறது. ஓடும் இரயிலுக்குள் மேலே எறிந்த பந்து நம் கைக்கே திரும்பி வருவது போல என்று கொள்ளலாம். ஆகவே பூமியின் சுழற்சி நேராக நமக்கு உதவுவதில்லை.

உதவுவதும் தடுப்பதும் காற்றே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. தரையில் தென்மேற்குக் காற்று வீசும் அதே வேளையில், வானில் இது எதிர்த் திசையில் வீசுவது வியப்புக்குரியது. இந்த வெப்பமண்டலக் கிழக்குக் காற்றோட்டத்தைப் பற்றி இந்திய வானிலை அறிஞர் பி.கோடேஸ்வரம் 1958-ல் வெளியிட்ட ஆய்வு உலக அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் இக்காற்றின் கீழ்ப்பகுதி எதிர்ப்படுகிறது. அக்காலத்தில் சென்னைக்குப் போகும் விமானத்துக்கு இது துணைக்காற்று. திரும்பும் விமானத்துக்கு எதிர்க்காற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகமுள்ள விமானத்துக்கு 80 கிலோமீட்டர் துணைக்காற்று வழி முழுவதும் கிடைத்தால், 2,920 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 8 நிமிடம் ஆகும். அதே காற்று எதிர்த்தால் 3 மணி 47 நிமிடம். வேற்றுமை 39 நிமிடம். 'விமானம் அரை மணி முன்னதாகவே இறங்கிவிட்டது' என்று பிரயாணிகள் மகிழ்வதற்குப் பெரும்பாலும் இக்காற்றே காரணம்.

கப்பல் காலம்

மணிக்கு 12 கடல் மைல் அளவில் செல்லும் ஒரு கப்பல் எங்கும் நில்லாமல் ஓடினாலும் இதே தூரத்துக்கு ஐந்தரை நாள் வேண்டும். வழியில் போர்ட் சுவெட்டன்ஹாம், பினாங்கு, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களில் தங்கி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிச் சென்றதால் ஒரு வாரம், சில வேளை அதற்கு மேலும் ஆயிற்று. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பங்கள் இங்கே குறைவு. 1970-களின் தொடக்கம் வரை அது ஓடிற்று. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வந்த டெக் பயணிகளே அதில் மிகுதி. பின்னர் 'எம்.வி.சிதம்பரம்' கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அச்சேவையும் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950-களிலேயே சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே விமானங்கள் பறந்தன. அப்படியிருந்தும் கப்பல் மேலும் முப்பது ஆண்டு ஓடியதற்குக் காரணம் கட்டணமே. பணமுள்ளவருக்குச் சில மணி நேரத் தொலைவில் இருந்த ஊர், தோட்டத் தொழிலாளிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் ஒரு வாரத் தொலைவில் இருந்தது. ஊரில் தாய் இறந்தாள் என்று தந்தி வந்தால், மகனால் தகனத்துக்குப் போக இயலாது. உடனே கப்பல் இருந்து, கையில் பணமும் இருந்தால் பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ச் சேரலாம். இல்லையேல் இங்கேயே ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ தலை முழுகிவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வீட்டிலிருந்து வீடு வரை

இன்று விமானத்தில் போவது பலருக்கும் கைகூடுகிறது. 'மகன் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான்' என்று ஊரில் ஐஸ் பெட்டியில் உடலை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆனால் நாலு மணி நேரத்தில் அவன் வந்து சேர்ந்துவிடுவதில்லை. ஏன்?

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து சாங்கிக்கு ஒரு மணி நேரம். பெட்டிகளை ஒப்படைத்துச் சோதனைகளை முடிக்க இரண்டரை மணி. வானத்தில் 4 மணி 10 நிமிடம். சென்னையில் குடிநுழைவும் சுங்கமும் முடிந்து வெளியே வர ஒரு மணி. அங்கிருந்து தரைவழியே 300 கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் ஆறு அல்லது ஏழு மணி நேரம். ஆகமொத்தம் பதினைந்து மணி நேரம். விமானம் பறந்தது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2,920 கிலோமீட்டரைக் கடந்ததைவிட, கடைசி 300 கிலோமீட்டரைக் கடக்க அதிக நேரம் ஆகிவிட்டது!

அவரே திருச்சிக்கு நேரே செல்லும் விமானத்தில் ஏறினால் என்ன ஆகும்? சிங்கப்பூரிலிருந்து திருச்சி சுமார் 2,980 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர் தொலைவு. வானத்தில் நாலைந்து நிமிடமே அதிகம். ஆனால் இறங்கிய பிறகு தஞ்சாவூர் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். பதினைந்து மணி நேரம் பத்தாகக் குறைகிறது. அதிக தூரம் பறந்து, ஐந்து மணி நேரம் முந்திச் சேர்கிறோம். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இது பொருந்தும். காஞ்சிபுரத்துக்கோ வேலூருக்கோ போகிறவர்களுக்குச் சென்னையே உகந்தது.

எனவே அவசரப் பிரயாணம் செய்ய நேர்பவர்கள் விமான நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. முதலில் தாம் சேரவேண்டிய வீட்டைக் குறித்துக்கொண்டு, அதற்கு அருகிலுள்ள விமான நிலையம் எது, இறங்கும் வேளையில் அங்கிருந்து வண்டி கிடைக்குமா என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நள்ளிரவில் சென்னையில் இறங்கி விடியும்வரை காத்திருப்பதைவிட, சற்றுத் தாமதமாகப் புறப்பட்டுத் திருச்சியில் இறங்குவது சில வேளை விரைவாகும். பாஸ்போர்ட்டின் தவணை முடிந்துவிட்டதா, விசா தேவைப்படுபவராயின் அது கையில் இருக்கிறதா என்பதும் இக்கணக்கில் சேரும். ஊரில் வயது முதிர்ந்த பெற்றோர் உள்ளவர்கள் இவற்றை முன்னரே ஆயத்தமாக வைத்திருப்பது நலம். விசாவுக்காக இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தால், எத்தனை வேகமான விமானமும் அந்த இரண்டு நாளைத் திருப்பித் தராது.

ஒரு வாரத்தை நாலு மணி நேரமாகக் குறைத்தது விஞ்ஞானம். வானத்தில் இதற்கு மேல் குறைக்க இப்போதைக்கு வழி காணோம். இனி மிச்சப்படுத்தக்கூடிய நேரமெல்லாம் தரையிலேயே இருக்கிறது. நல்ல சாலைகளும், சிறு நகரங்களுக்கு நேர் விமானங்களும், தாமதமில்லாத அலுவலகங்களுமே அதைத் தரவல்லவை. அதுவரையில், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பவர் ஓரிரு மணி நேரமேனும் முந்திச் சேர்வார். காத்திருக்கும் வீட்டில் அந்த ஓரிரு மணியின் மதிப்பு என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை.